வெள்ளையம்மா வீட்டில் செத்த எலி

“மேல ஒண்ணுமே இல்ல புள்ள. இங்க நாத்தமே அடிக்கல.”

பரண் மேலிருந்து சடையப்பன் சொன்னது வாசலில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் தோளில் பக்கத்து வீட்டில் எடுத்த ஒரு காலி சிலிண்டர். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். திண்ணனூர் நாட்டில் ரோட்டை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் பத்துப் பதினைந்து வீடுகள் வரும். அதில் கடைசி வீடு அது. காலையிலிருந்து சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்சாதியும் சாமைக்காட்டில் களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கதவைத் திறந்திருந்தார்கள்.

“அப்ப எங்கிருந்துதான் வருது? மூணு நாளாச் சோறு எறங்கல. இன்னைக்குக் கதவைத் திறந்ததும் கொமட்டிக்கிட்டு வருது. எலிதான் செத்துருக்குது, நல்லாப் பாருங்க,” என்று கீழேயிருந்து அவன் மனைவி வெள்ளையம்மா பதில் சொன்னாள்.

எட்டிப் பார்த்தேன். சடையப்பன் பரணில் குப்புறப் படுத்து, விதை மூட்டைகளுக்கு நடுவே டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தான். வெள்ளையம்மா விறகடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு கையில் தூபக்கால், இன்னொரு கையில் கரண்டி. பக்கத்தில் கிண்ணத்தில் சாம்பிராணி. அடுப்புச் சாம்பலை விலக்கி நெருப்பு அள்ளி, வீட்டுக்குப் புகை போடப் போகிறாள்.

அப்போதுதான் அந்த நாற்றம் என் மூக்கில் ஏறியது. அது எலி இல்லை.

கேஸ்காரண்ணன்

அந்தக் கரண்டி அப்படியே நிற்கட்டும். இந்தத் தொடரை இன்றுதான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் சேந்தமங்கலத்துக்காரன். அடிவாரத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் இறங்கி வேலை செய்ய எனக்கு உடம்பு வணங்கவில்லை. வண்டி ஓட்டப் போனேன். கொல்லிமலைக்குச் சிலிண்டர் ஏற்றிப்போகிற வேலை கிடைத்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு. முதல் வருஷம் நாற்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தவன்தான். மூன்றாவது வருஷம் பக்கத்து சீட்டுக்காரரோடு கதை பேசிக்கொண்டே திருப்பினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

ரோடு இருக்கிற வரைக்கும் வண்டி. அதற்கப்புறம் தோள். முழு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே வழுக்கு மண்ணில் நடந்திருக்கிறேன். என் இடது தோள் வலது தோளைவிட இறங்கி இருக்கும். சட்டை தைக்கிறவர் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

மலையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. கேஸ்காரண்ணன், அவ்வளவுதான்.

தீயைத் தெரிந்தவர்கள்

நகரத்துக்காரர்கள் சிலர் மலைக்காரர்களுக்குத் தீயைப் பற்றி வகுப்பெடுக்க வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்குத் தெரியாத தீயா?

ஒரு பங்குனி மாதம். குண்டனி நாட்டுப் பக்கம் வண்டி நிறைய லோடு. ஒரு வளைவைத் திரும்பியதும் எதிரே சரிவு முழுக்கக் காய்ந்த புல் எரிந்துகொண்டு ரோட்டைப் பார்த்து ஏறி வருகிறது. யாரோ அணைக்காமல் போட்ட பீடித்துண்டு. பின்னால் ஒரு லாரி ஒட்டி நிற்கிறது, வண்டியைத் திருப்ப வழியில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

கையில் மண்வெட்டியோடு ஒரு பெண் வண்டிப் பக்கம் வந்தாள். பதற்றமே இல்லை.

“ஏனுங்கண்ணா, வண்டியில என்னங்க?”

“கேஸும்மா. எல்லாம் முழு சிலிண்டர்.”

“அப்பறம் ஏனுங்க நிக்கறீங்க? அந்தப் பாறைக்கு அந்தாண்ட கொண்டு போயிருங்க. அங்க புல்லு இல்ல, தீ வராது.”

அவள் கை காட்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். லாரியும் பின்னாலேயே வந்தது. அதற்குள் ஏழெட்டுப் பேர் ரோட்டோரமாகப் புல்லைச் செதுக்கி, வெறும் மண்ணாக நீளமாக ஒரு பட்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தில் அவர்களே இன்னொரு தீயை வைத்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அந்தச் சின்னத் தீ கீழ்நோக்கி மெல்லப் புல்லைத் தின்றுகொண்டு போய், ஏறி வந்த பெரிய தீயை எதிர்கொண்டது. எரிக்க இரண்டுக்கும் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன. பட்டையைத் தாண்டி விழுந்த பொறிகளைப் பச்சைத் தழையால் அடித்தார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் பட்டையின் ஓரமாகவே நடந்து, குனிந்து சாம்பல் மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரை போய்த் திரும்பி வந்துதான், “இனிப் போலாங்கண்ணா,” என்றாள்.

அவள்தான் வெள்ளையம்மா. குண்டனி நாடு அவளுக்குப் பிறந்த ஊர். திண்ணனூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அடிவாரத்திலிருந்து தீயணைப்பு வண்டி எழுபது வளைவு ஏறி வந்தபோது அங்கே சாம்பல்கூட ஆறியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பறந்தா வர முடியும்?

அப்படிப்பட்ட வெள்ளையம்மாதான் கேஸ் நிறைந்த வீட்டில் நெருப்பள்ள நின்றாள். அதற்குக் காரணம் நான்.

நான் பட்ட அவசரம்

அந்த ஊருக்கு இலவச இணைப்பு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரே நாளில் ஏழு வீடு. மேற்கே மேகம் கட்டி நின்றது. இருட்டுவதற்குள் கீழே இறங்க வேண்டும் என்று எனக்கு அவசரம்.

வெள்ளையம்மா வீட்டில் அடுப்பை மாட்டினேன். “இப்படித் திருப்பினா எரியும், இப்படித் திருப்பினா அணையும்,” என்றேன். ரெகுலேட்டரையும் ஒவ்வொரு தடவையும் மூட வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் சிலிண்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

“இது கசிஞ்சா எப்படிங்க தெரியும்?”

“நாத்தம் அடிக்கும்.”

“என்ன மாதிரி நாத்தமுங்க?”

“அடிக்கறப்ப உனக்கே தெரியும்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எத்தனை வீட்டில் இதையே சொல்லியிருப்பேன். சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

அந்த வீடுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் நான் செய்த தப்பு எவ்வளவு பெரிது என்று புரியும். கேஸ் வந்தாலும் அங்கே விறகடுப்பு ஓயாது. அடுப்புக்கு நேர் மேலே பரண். சாமை, தினை, கேழ்வரகு என்று அடுத்த விதைப்புக்கான விதையெல்லாம் அதில்தான் இருக்கும். கீழிருந்து தினமும் புகை பட்டால்தான் விதையில் பூச்சி விழாது. கேஸ் அடுப்பு காப்பி வைக்க, விருந்தாளி வந்தால் பற்றவைக்க. மற்றபடி சோறு, குழம்பு எல்லாம் விறகில்தான்.

இன்னொன்று, அந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்க மாட்டார்கள். ஊற்றினால் வீட்டு லட்சுமி போய்விடுவாள். சமையல் முடிந்ததும் நெருப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடிவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். வந்து சாம்பலை விலக்கி ஊதினால் அதே நெருப்பு எழுந்துவிடும். அதனால் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாராவது சொன்னால் நெருப்பு இல்லை என்று அர்த்தமில்லை. அது சாம்பலுக்கடியில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

விதை இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருந்தால் எப்போதாவது ஒன்று செத்து நாறும். ஆம்பளை பரணில் ஏறித் தேடுவான், பொம்பளை சாம்பிராணி போடுவாள். அன்றைக்கு அவர்கள் இருவரும் செய்தது அந்த மலையில் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான். நாற்றம் என்னவென்று சொல்லித்தர வேண்டியவன் சொல்லித்தரவில்லை.

நடுவில் ஒரு முழம்

இனி அந்தக் கரண்டிக்கு வருகிறேன்.

தோளில் இருந்த சிலிண்டரை வழக்கமாக வாசற்கல்லில்தான் இறக்குவேன். அன்று தள்ளிப்போய் ஈர மண்ணில் சத்தமில்லாமல் இறக்கினேன். இரும்பு கல்லில் உரசினாலும், ஒரு சுவிட்சைத் தட்டினாலும் பொறி வரும், கேஸுக்கு அது போதும்.

“வெள்ளையம்மா, சாம்பலைத் தொடாத. கையிலிருக்கறது கையிலேயே இருக்கட்டும். அப்படியே திரும்பி வெளிய வா சாமி.”

“வாங்கண்ணா, இந்த நாத்தத்துக்குக் கொஞ்சம் புகை போட்டுட்டு…”

“போட வேண்டாம். வா.”

என் குரலில் என்ன இருந்ததோ தெரியாது, அவள் மறுபேச்சில்லாமல் தூபக்காலோடும் கரண்டியோடும் வெளியே வந்தாள்.

“சடையப்பா, டார்ச்சை அணைக்காத. எரியறது அப்படியே எரியட்டும். மெல்ல எறங்கு.”

“எலி இன்னும் சிக்கலீங்கண்ணா.”

“எலி கெடக்கட்டும். நீ எறங்கு.”

மூங்கில் ஏணி. ஏழு படி இருக்கும். அவன் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஏணியை நான் பார்த்ததில்லை.

கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே ஏறாது, தரையோடு தரையாகத் தேங்கும். அதனால்தான் பரணில் நாற்றம் இல்லை, கீழே குமட்டியது. சடையப்பன் சொன்ன முதல் வார்த்தையிலேயே விஷயம் முழுவதும் இருந்தது. விறகடுப்பு தரையிலிருந்து ஒரு முழ உயரத் திட்டில் இருந்தது. திட்டின் மேல், இரண்டு விரற்கடை சாம்பலுக்கடியில் காலையில் மூடிய நெருப்பு. திட்டுக்குக் கீழே கேஸ். நடுவில் ஒரு முழம்தான். அவள் கரண்டியை விட்டுக் கிளறி ஊதியிருந்தால்? அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ரெகுலேட்டரைத் திருப்பி மூடினேன். டியூபோடு கழற்றிக்கொண்டு சிலிண்டரைத் தூக்கி வெளியே வந்து, வீட்டை விட்டுத் தள்ளி, காற்றடிக்கிற மேட்டில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். பின்பக்கத்துச் சின்ன ஜன்னலை வெளியிலிருந்தே தள்ளித் திறந்துவிட்டேன்.

டியூபைத் திருப்பிப் பார்த்தேன். சுவர் ஓரமாகப் படுத்திருந்த பக்கத்தில் வரிசையாகப் பல் தடம். மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, அன்று ஓட்டையே போட்டுவிட்டது. செத்த எலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேலையைக் காட்டினது உயிரோடிருந்த எலி.

மூன்று பேரும் பாறையில் உட்கார்ந்தோம். சாரல் நின்று மூடுபனி இறங்கியிருந்தது. சடையப்பன் கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டே இருந்தது. இனி அணைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அணைத்தான்.

“கேஸ் நாத்தமுங்களா அது?” என்றாள் வெள்ளையம்மா.

“ஆமா.”

“செத்த எலியாட்டமேதான் இருக்குது.”

டியூபை வாங்கிப் பல் தடத்தைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்:

“அன்னைக்குக் கேட்டனுங்கண்ணா, என்ன மாதிரி நாத்தம்னு. அடிக்கறப்பத் தெரியும்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது எகிறிப் பேசித் தப்பித்திருப்பேன். நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“தப்பு என்னுதுதான் கண்ணு,” என்றேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நாற்றம் சுத்தமாகப் போய்விட்டதா என்று நான் உள்ளே போய்த் தரையோடு குனிந்து மோந்து பார்த்தேன். போய்விட்டது. அதன் பிறகு வெள்ளையம்மா அடுப்புக்குப் போனாள். “நெருப்பு அணைஞ்சு போச்சோ என்னமோ,” என்று கவலைப்பட்டுக்கொண்டே கரண்டியால் சாம்பலை விலக்கினாள். உள்ளே கங்கு செக்கச்செவேல் என்று கிடந்தது. ஒரு ஊது ஊதினாள். குப்பென்று பற்றிக்கொண்டது.

அதுவரை எனக்குப் பயமே வரவில்லை. அதைப் பார்த்ததும்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். மிளகு தட்டிப் போட்டுக் காப்பி கொடுத்தாள்.

அத்தர் டப்பா

அந்த எலி கடித்த டியூபை நான் தூக்கிப் போடவில்லை. விரல் நீளத்துக்குத் துண்டு போட்டு, மூடி இறுக்கமான ஒரு தகர டப்பாவில் அடைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை டப்பாவைத் திறப்பதுதான். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வந்து மோந்து பார்க்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் விடமாட்டேன், கட்டிலுக்கே கொண்டுபோய் மூக்கில் காட்டுவேன். நாளாக ஆக வாசம் குறையும். அப்போது வேறொரு வீட்டில் மாற்றின பழைய டியூபை வெட்டிப் போட்டுக்கொள்வேன்.

“இது என்ன?” என்று கேட்பேன். “எலி செத்த நாத்தம்” என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். அங்கே பிடித்துக்கொள்வேன்.

“இந்த நாத்தம் அடிச்சா மொதல்ல ரெகுலேட்டரைத் திருப்பு. கதவைத் திறந்து போடு. சுச்சைத் தொடாத. அடுப்புச் சாம்பலைக் கிளறாத. வெளிய வந்துரு. எலியை அப்பறமாத் தேடிக்கலாம்.”

இதைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன். இருட்டினாலும் சரி, மழை வந்தாலும் சரி. மலையில் பெண்களுக்கு நல்ல கேலிப்பொருள் ஆனேன். “அத்தர்காரண்ணன் வாராரு, மூக்கைக் கழுவிட்டு நில்லுங்க,” என்று ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகும். போகட்டுமே. அதற்கப்புறம் நான் வேலையிலிருந்த வரைக்கும் என் வண்டி போன ஊர்களில் கேஸால் ஒரு வீடும் எரியவில்லை. இதை நான் நெஞ்சை நிமிர்த்தியே சொல்வேன்.

என் வீட்டுக்கு வந்த வெள்ளையம்மா

முழங்கால் ஒத்துழைக்காததால் வேலையை விட்டேன். அதற்கப்புறம் ஊரையெல்லாம் ஆட்டிவைத்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. உயிரை விட்டுவிட்டு மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் வாசம் திரும்பியது. எனக்குத் திரும்பவே இல்லை. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண்சாதியிடம்கூட இல்லை. மலை முழுக்க மோந்து பார், மோந்து பார் என்று சொன்னவன், எனக்கே மூக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? வெட்கம்தான், வேறென்ன.

போன மாதம் பெண்சாதி நாமக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். வீட்டில் நான் தனி. ஒரு மதிய நேரம், வானம் மூட்டமாக இருந்தது. முன்னறையில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையில் வந்த என் கட்டுரையை நானே மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெள்ளையம்மா. ஏதோ ஆபீஸ் வேலையாக பஸ்ஸில் இறங்கி வந்தவள், ஒரு பலாப்பழத்தையும் ஒரு பை மிளகையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள்.

“வா கண்ணு, வா வா. உக்காரு, காப்பி போடறேன்,” என்று எழுந்தேன். சமையலறை இருட்டாக இருந்தது. லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

“சுச்சைத் தொடாதீங்கண்ணா.”

திரும்பிப் பார்த்தேன். ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றிருந்தாள்.

“கையை எடுங்க. அப்படியே திரும்பி வெளிய வாங்க. ஊட்டுக்குள்ள எலி செத்துருக்குது.”

வெளியே வந்தேன். பலாப்பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ரெகுலேட்டரைத் திருப்பி, பின்கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டு, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் நான் பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கென்று அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருக்கிறது. நான் என் எழுத்தின் அழகில் மயங்கி அதை மறந்தே போயிருக்கிறேன்.

எதிர்வீட்டுத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்தோம்.

“உங்களுக்கு நாத்தம் தெரியலீங்களா?”

“மூக்கு போயிருச்சு கண்ணு.”

“எத்தனை நாளாங்க?”

“வருசமாச்சு. காய்ச்சல் வந்ததுலிருந்து.”

“ஊட்டுல அக்காவுக்குத் தெரியுமுங்களா?”

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எங்களையெல்லாம் மழையில நிக்க வெச்சு மோந்து பாக்கச் சொல்லத் தெரிஞ்சுது. இதை ஒருத்தருகிட்டச் சொல்லத் தெரியலீங்களா?” என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

எழுந்து நேராக அடுத்த வீட்டுக்குப் போனாள். அவர்களை அவளுக்கு முன்பின் தெரியாது. என் பரணிலிருந்து அந்தத் தகர டப்பாவை என்னை எடுத்து வரச் சொல்லித் திறந்து பார்த்தாள். அதில் வாசம் போயிருந்தது. என் அடுப்பின் டியூபில் ஒரு துண்டை அவளே வெட்டி, அந்த வீட்டு மருமகளின் மூக்கில் காட்டினாள். “இது என்னங்க?” என்று கேட்டாள். “எலி செத்த நாத்தம்” என்றது அந்தப் பெண். அங்கே பிடித்துக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

புது டியூப் மாட்டியாகிவிட்டது, பெண்சாதி இன்னும் நாமக்கல்லில்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் காலையில் அந்த மருமகள் கோலம் போட்டு முடித்ததும் என் சமையலறை வாசலுக்கு வந்து நின்று, குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறாள். “எலி இல்லீங்க மாமா,” என்கிறாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் தீக்குச்சியை எடுக்கிறேன்.